பழி யார் தலையில்?

கேள்வி: நானும் நண்பனும் கும்மிடிப்பூண்டியில் கூட்டாக லேத் பட்டறை நடத்துகிறோம். ஆர்டர் கிடைத்தால் ‘நான் பேசி முடித்தேன்’ என்கிறான். பீஸ் ரிஜெக்ட் ஆனால் ‘நீ பார்க்கலையா?’ என்கிறான். என்ன செய்ய?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: உங்களுக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. 1979 ஆகஸ்ட் 10-ல் அங்கே கிளம்பிய எஸ்.எல்.வி-3, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதாகி வங்கக் கடலில் விழுந்தது. ராக்கெட்தான் விழுந்தது, பழி, திட்ட இயக்குநர் அப்துல் கலாம் தலையில் விழவில்லை. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவானே நிருபர்கள் முன் உட்கார்ந்து பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18-ல் அடுத்த எஸ்.எல்.வி-3 சுமந்து சென்ற ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் ஏறியதும், நிருபர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார். துவண்டுபோன குழு மறுநாள் நிமிர்ந்து வேலைக்கு வரவேண்டும் என்ற அக்கறை இல்லாமல், தோல்வியில் முன்னால் வந்து வெற்றியில் ஒதுங்கி நிற்க முடியாது. கலாம் ஆயுசுக்கும் இதை மேடைதோறும் சொன்னார்.

அடுத்த முறை பீஸ் திரும்பி வந்தால், வெர்னியரை எடுத்து இருவரும் சேர்ந்தே அளந்து பாருங்கள். டூல் தேய்ந்ததா, டிராயிங்கைத் தப்பாகப் படித்தோமா? கம்பெனிக்குப் போன் போட்டு ‘எங்கள் தவறு’ என்று நீங்களே சொல்லுங்கள்; நண்பன் பக்கத்தில் நின்று கேட்கட்டும். ஆர்டர் நல்லபடியாக முடிந்தால், நைட் ஷிஃப்டில் லேத்தில் நின்ற தொழிலாளியை இருவருமாகச் சேர்ந்து கம்பெனிக்காரருக்கு அறிமுகப்படுத்துங்கள்.