விண்கலத்தை விற்றுச் சுறா வாங்கியவர்கள்

2006 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை இரவு. அறிவியல் புனைகதைக்கென்றே தொடங்கப்பட்ட அமெரிக்காவின் சை-ஃபை சேனலில் மல்யுத்த மேடை ஒன்று தெரிகிறது. பிண ஒப்பனையில் ஒருவர் தள்ளாடித் தள்ளாடி வந்து நிற்கிறார். பெயர் ஜோம்பி. மைக்கைப் பிடித்து உறுமுகிறார், வசனம் அவ்வளவுதான். சாண்ட்மேன் என்ற மல்லர் பிரம்போடு வந்து விளாசு விளாசென்று விளாச, ஏற்கெனவே செத்தவர் மறுபடியும் செத்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஈசிடபிள்யூ என்ற மல்யுத்த நிகழ்ச்சி அந்தச் சேனலில் வலதுகால் எடுத்து வைத்தது இப்படித்தான்.

அந்த ஜோம்பி எதற்கு? அறிவியல் புனைகதைச் சேனலில் மல்யுத்தம் ஏன் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு சாக்கு வேண்டாமா, அதற்கு. முதல் நாளே சாக்கையும் அடித்துச் சாய்த்துவிட்டதால் பிறகு யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய தொல்லையே இல்லாமல் போயிற்று. நிகழ்ச்சி 2010 பிப்ரவரி வரை அமோகமாக ஓடியது.

இப்படிப்பட்ட சேனல் எந்தெந்தத் தொடர்களை ஒளிபரப்பலாம் என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்காக யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் போடுங்கள், இதைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கடிதம், மனு, விளம்பரம். வெள்ளந்தி மனிதர்கள். பட்டியல் இல்லாமலா அந்தச் சேனல் கெட்டது? அந்தப் பட்டியலில் இருந்தவற்றில் பாதியைக் கையில் வைத்திருந்துதானே கெட்டது?

ஆரம்பம் என்னவோ அமர்க்களம். 1992 செப்டம்பர் 24 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. ஆலோசனைக் குழுவில் ஐசக் அசிமோவும், ஸ்டார் டிரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும் இருந்தார்கள். தொடக்க நாளுக்கு முன்பே இருவரும் காலமாகிவிட்டார்கள். சேனலை அவர்கள் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்கள். கொடுத்துவைத்த ஆத்மாக்கள். பிறகு நடந்ததைப் பார்க்க நேரவில்லை.

பார்க்க விரும்பினால் வழியும் இருந்தது. செத்தவர்களோடு பேசுவதாகச் சொல்லிக்கொண்ட ஜான் எட்வர்ட் என்பவருக்கு அதே சேனல் 2000களின் தொடக்கத்தில் தனி நிகழ்ச்சியே கொடுத்தது. அரங்கில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து, இந்தப் பக்கம் யாருக்கோ ஓர் அப்பா ஸ்தானத்து ஆள் தெரிகிறார், பெயர் இந்த எழுத்தில் தொடங்குகிறது என்று தூண்டில் போடுவார். அத்தனை பேர் கூட்டத்தில் ஒருவருக்காவது செத்துப்போன பெரியவர் இல்லாமலா இருப்பார்? கண்ணீர் வரும், விளம்பரம் வரும். மூடநம்பிக்கையைத் தன் கட்டுரைகளில் ஆயுள் முழுக்கத் தோலுரித்த அசிமோவுக்குக் காணிக்கையான சேனல் அது.

2004இல் கோஸ்ட் ஹன்டர்ஸ் வந்தது. பகலில் குழாய் ரிப்பேர் செய்கிறவர்கள் இரவில் பேய் பிடிக்கப் போவார்கள். திரை முழுக்கப் பச்சை. ஒருவர் திடுக்கிட்டு நின்று, இப்போது ஏதோ சத்தம் கேட்டதே என்பார். கூட இருப்பவர் ஆமாம் என்பார். உடனே விளம்பர இடைவேளை. திரும்பி வந்தால் அது கதவு. இப்படியே 2016 வரை 11 சீசன். வராத பேய்க்கு 11 சீசன் கொடுத்த இந்தப் புண்ணியவான்கள்தான், வந்து நின்ற விண்கலங்களுக்கு இரண்டு, மூன்று, நான்கு என்று விரல் விட்டு எண்ணிக் கொடுத்தார்கள்.

ஃபார்ஸ்கேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் படமானது, ஜிம் ஹென்சன் நிறுவனத்தின் பொம்மைகள் மனித நடிகர்களை மிஞ்சி நடித்த தொடர். ஐந்தாவது சீசன் உண்டு என்ற உறுதியை நம்பி நான்காவதன் கதையைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். 2002 செப்டம்பரில் சேனல் கையை விரித்தது. நான்காவது சீசனின் கடைசிக் காட்சியில் நாயகனும் நாயகியும் ஒரு சின்னப் படகில் இருக்கிறார்கள். நாலு வருடம் சண்டை போட்டு, பிரிந்து, சேர்ந்து, அப்போதுதான் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுக்கிறார்கள். மேலே ஓர் அந்நியக் கலம் வந்து கதிரைப் பாய்ச்சுகிறது. இருவரும் பொடிப்பொடியாகச் சிதறுகிறார்கள். திரையில் ‘தொடரும்’. அந்த அத்தியாயத்தின் பெயர் ‘பேட் டைமிங்’, அதாவது கெட்ட நேரம். ரசிகர்கள் ஓயாமல் போராடிய பிறகு 2004 அக்டோபரில் இரண்டு பாகக் குறுந்தொடராக முடிவு கிடைத்தது. அதைக் கூச்சநாச்சமில்லாமல் ஒளிபரப்பியதும் இதே சேனல்தான்.

கழுத்தறுப்பில் மட்டும்தான் கைதேர்ந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். அதே 2004 டிசம்பரில் அர்சுலா லெ குவினின் எர்த்சீ நாவல்களைக் குறுந்தொடராக்கினார்கள். அந்தக் கதை உலகத்து மக்களில் பெரும்பாலோர் பழுப்பும் கறுப்புமான தோல் கொண்டவர்கள். நாயகன் கெட் செம்பழுப்பு நிறம். 1968லேயே, மந்திரவாதி என்றால் வெள்ளைத் தாடி வெள்ளைத் தோல் என்றிருந்த வழக்கத்தை உடைக்க வேண்டுமென்றே லெ குவின் அப்படிப் படைத்தார். சேனலோ அந்தத் தீவுக்கூட்டத்தையே வெள்ளாவியில் வைத்து வெளுத்தெடுத்தது. கெட்டாக வந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பையன். எழுதியவரைக் கலந்து ஆலோசிக்கக்கூட இல்லை. லெ குவின் தாங்காமல் பத்திரிகையில் எழுதித் தன் கோபத்தைக் கொட்டினார். டிராகன் பறக்கும், மந்திரம் பலிக்கும், இதையெல்லாம் பார்வையாளர் நம்புவாராம். கறுத்த தோலோடு ஒரு வீரன் இருப்பான் என்றால் மட்டும் நம்ப மாட்டாராம். கதாநாயகிக்காக வடக்கே விமானம் ஏறும் நம் சினிமாக்காரர்களுக்கு இந்தத் தர்க்கம் சட்டென்று விளங்கியிருக்கும்.

அந்தச் சேனலின் முகத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் 2009 மார்ச்சின் ஒரே ஒரு வாரம் போதும். வெள்ளிக்கிழமை, 20ஆம் தேதி, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவின் கடைசி அத்தியாயம். இராக் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஆக்கிரமிப்பாளர்களை இயந்திரங்களாகவும், தற்கொலைத் தாக்குதல் நடத்துகிறவர்களை மனிதர்களாகவும் காட்டி, அமெரிக்கப் பார்வையாளரைத் தன் நாற்காலியிலேயே நெளிய வைத்த தொடர் அது. செய்தி சேனல்கள் தயங்கிய கேள்விகளை ஒரு விண்வெளிக் கதை கேட்டது. செவ்வாய்க்கிழமை, 17ஆம் தேதி, அதன் படைப்பாளிகளையும் நடிகர்களையும் நியூயார்க்கில் ஐ.நா. சபை அழைத்து, மனித உரிமை பற்றியும் போரில் சிக்கும் குழந்தைகள் பற்றியும் அவர்களோடு உரையாடியது. ஐ.நா. தரப்பில் பேசியவர்களில் ஒருவர் இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி. அந்த மார்ச்சில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தமிழ் வாசகருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கற்பனைக் கோள்களின் அகதிகளுக்கு அந்தக் கட்டடத்தில் நாற்காலி கிடைத்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திங்கள்கிழமை, 16ஆம் தேதி, சேனல் நிர்வாகம் என்ன செய்தது? பெயரை மாற்றப்போவதாக அறிவித்தது. ஒலி அதேதான், ஆங்கில எழுத்து மட்டும் வேறு. தமிழில் எழுதினால் பழையதும் புதியதும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய பெயரை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், வணிகச் சின்னமாகப் பதிய முடியாது என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் இன்னும் அழகு. அந்தப் பெயரைக் கேட்டாலே நிலவறையில் முடங்கிக் கிடக்கும், நாலு பேரோடு பழகத் தெரியாத பையன்கள்தான் மனதில் வருகிறார்கள் என்று, சேனலைத் தொடங்கக் கைகொடுத்தவர்களில் ஒருவரே பேட்டியில் சொன்னார். ஐ.நா. சபை வாசலில் வரவேற்கிற அதே வாரத்தில், சோறு போட்டவனை வீட்டுக்குள் சேர்க்க வெட்கப்பட்டார்கள்.

சோறு போட்டவன் என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. அமெரிக்கக் கேபிள் சேனலுக்கு வரும்படி இரண்டு வழியில். விளம்பரம் ஒன்று, ஒவ்வொரு வீட்டின் மாதக் கட்டணத்திலிருந்தும் கேபிள்காரர் எடுத்துக் கொடுக்கும் பங்கு இன்னொன்று. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்தப் பங்கு போய்விடும். புதிய சேனல் ஒன்று அந்த வரிசையில் இடம்பிடிக்க, எங்களிடம் இன்ன ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். இடம் கிடைத்து, பணம் தானாக வர ஆரம்பித்துவிட்டால் அந்த ரசிகர்கள் எதற்கு? சைவ போர்டு மாட்டி லைசென்ஸ் வாங்கி, கல்லாவில் உட்கார்ந்ததும் குடல் குழம்பு வைக்கிற ஓட்டல்தான் இது. இவர்கள் மட்டுமா? எம்டிவியில் பாட்டைக் காணோம். ஹிஸ்டரி சேனலில் வரலாற்றைக் காணோம்; பிரமிடைக் கட்டியது வேற்றுக்கிரகவாசிகளா என்று அங்கே ஆராய்ச்சி. ஆக, வேற்றுக்கிரகவாசியைப் பார்க்க வரலாற்றுச் சேனலுக்கும், குஸ்தி பார்க்க அறிவியல் புனைகதைச் சேனலுக்கும் போக வேண்டும் என்பது அமெரிக்கக் குடிமகனுக்கு வாய்த்த பொது அறிவு. கனடாவில் இந்த வகைச் சேனல்கள் இன்னதைத்தான் காட்டலாம் என்று உரிமத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஒரு வகைக்கு ஒரு சேனல் என்ற அந்தப் பாதுகாப்பை 2015இல் எடுத்துவிட்டார்கள். சந்தை பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

2010 அக்டோபரில் இன்னொரு மல்யுத்த நிகழ்ச்சி, ஸ்மாக்டவுன், வெள்ளிக்கிழமை இரவில் வந்து உட்கார்ந்தது. வெள்ளி இரவு என்றால் அந்தச் சேனலின் விண்வெளித் தொடர்கள் என்று பல ஆண்டுப் பழக்கம். கேப்ரிகாவும் ஸ்டார்கேட் யூனிவர்சும் செவ்வாய்க்கிழமைக்குத் துரத்தப்பட்டன. போன இடத்தில் ஆள் வரவில்லை என்று கேப்ரிகாவை அதே மாதம் நிறுத்தி, மிச்சமிருந்த ஐந்து அத்தியாயங்களை 2011 ஜனவரியில் ஒரே நாளில் கொட்டிக் கணக்கை முடித்தார்கள். ஸ்டார்கேட் யூனிவர்சுக்கு டிசம்பரில் தீர்ப்பு. அதன் கடைசி அத்தியாயத்தில் மற்றவர்கள் எல்லோரும் நெடுந்தூக்கத்துக்குப் போய்விட, பழுதான தூக்கப் பெட்டியைச் சரிசெய்ய இரண்டு வார அவகாசத்தோடு ஈலை என்ற இளைஞன் மட்டும் விழித்திருக்கிறான். சரிசெய்தானா, செத்தானா? நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களைக் கேட்டால் அன்றைக்கு யார் யாரைக் குப்புறத் தள்ளினார் என்பதைச் சொல்வார்கள்.

சுறா மட்டும் இவர்களிடம் ராஜபோகமாக வாழ்ந்தது. 2005இல் கொசு மனிதன், 2010இல் பாதிச் சுறா பாதி ஆக்டோபஸ், 2011இல் மலைப்பாம்புக்கும் முதலைக்கும் மல்லுக்கட்டு. கடைசியில் 2013 ஜூலை 11 அன்று ஷார்க்னேடோ. சூறாவளி கடலிலிருந்து சுறாக்களை அள்ளி லாஸ் ஏஞ்சல்ஸ் மேல் கொட்டுகிறது. நாயகன் மின்ரம்பத்தோடு பறந்து வரும் சுறாவின் வாய்க்குள் பாய்கிறான். வயிற்றை உள்ளிருந்து அறுத்துக்கொண்டு வெளியே வருகிறான். முன்பே விழுங்கப்பட்ட பெண்ணையும் கையோடு இழுத்து வருகிறான். சிரிப்பு வரத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஆறு பாகம்! 2018 ஆகஸ்டில், இதுதான் கடைசி என்று முன்கூட்டியே அறிவித்து, சகல மரியாதைகளோடு முடித்துவைத்தார்கள். ஒரு கதையைச் சொன்னபடி முடிக்கத் தெரியாதவர்கள் என்று இனி யாரும் இவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதே 2018இன் மே மாதம் தி எக்ஸ்பேன்ஸை மூன்றாவது சீசனோடு கைகழுவினார்கள். சூரியனைச் சுற்றும் பாறைகளில் வேலை பார்க்கும் கூலிகள், அவர்களுக்கு அளந்து விடப்படும் தண்ணீர், காசு கொடுத்து வாங்க வேண்டிய காற்று என்று, எதிர்காலத்தின் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டிய தொடர். தரத்தில் குறையொன்றுமில்லை, முந்தைய ஆண்டுதான் ஹியூகோ விருது வாங்கியிருந்தது. அமெரிக்காவில் முதல் ஒளிபரப்பு உரிமை மட்டுமே சேனலிடம். இணையத்தில் பார்க்கிற கூட்டத்தால் இவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. ரசிகர்கள் காசு திரட்டி விமானம் பிடித்து, அமேசான் ஸ்டூடியோஸின் மேல் பதாகை பறக்கவிட்டார்கள். ஜெஃப் பெசோஸ் மனமிரங்கினார். கூலிகளின் கதையைக் காப்பாற்ற உலகின் முதல் பணக்காரர் வரவேண்டியிருந்தது. கதையை எழுதியவர்களுக்கே இந்த அங்கதம் தோன்றியிருக்காது.

2024 நவம்பரில், சேனலின் அப்போதைய உரிமையாளரான காம்காஸ்ட் தன் கேபிள் சேனல்களைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துத் தள்ளப்போவதாக அறிவித்தது. தள்ளும் பட்டியலில் இதுவும் இருந்தது. சரி, புதிய நிர்வாகத்துக்காவது சொல்லிவைப்போம். 1995 முதல் ஆண்டு முடிவில் நாள் கணக்கில் ஓட்டும் ட்விலைட் ஸோனைத் தொடாதீர்கள். உங்கள் வீட்டில் உருப்படியாய் மிஞ்சிய பழக்கம் அதுதான். எர்த்சீயைத் திரும்ப எடுங்கள், இந்த முறை தோலை மாற்றாமல். 12 மங்கீஸை நாலு சீசனில் ஒழுங்காக முடிக்க விட்டீர்களே, அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து மற்றத் தொடர்களுக்கும் பயன்படுத்துங்கள். பாபிலோன் 5 எடுத்தவர்கள், ஐந்தாவது சீசன் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் இறுதி அத்தியாயத்தை நான்காவது சீசனிலேயே படமாக்கிப் பெட்டியில் வைத்தார்கள். கிடைத்ததும் 1998இல் கடைசியாகப் போட்டார்கள். அதையே ஒப்பந்தமாக்குங்கள். எந்தத் தொடர் தொடங்கினாலும் அதன் முடிவை எடுப்பதற்கான பணத்தை முதல் நாளே தனியாக எடுத்து வங்கியில் போட்டு, நீங்களே நினைத்தாலும் தொட முடியாதபடி வையுங்கள். பணம் எங்கே என்கிறீர்களா? பேய் பிடிக்கப் பதினோரு சீசன் செலவழித்தீர்களே, அந்தக் கல்லாவில் பாருங்கள்.