திசைவிப் பதிப்பியல்: அடிப்பக்கச் சுவடியும் பாடபேதங்களும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வீட்டு இணையம் நின்றுபோவதை மின்னணுவியல் சிக்கல் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. அது உண்மையில் பதிப்பியல் சிக்கல் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம் எங்கள் வீட்டுக் கூடம். காலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் விளக்கு வைக்கும் நேரம் வரை. தகவலாளர்கள் அப்பாவும் அம்மாவும். நிதி உதவி எதுவும் இல்லை. நடுவில் இரண்டு முறை காபி கிடைத்தது.

மாடி வீட்டு விருந்தாளிகள் வரைக்கும் நம் வைஃபையில்தான் படம் பார்க்கிறார்கள் என்று அப்பாவுக்குச் சந்தேகம் வந்ததே இந்த ஆய்வின் தோற்றுவாய். “மொதல்ல அந்தப் பாஸ்வேர்டை மாத்து” என்றார். மாற்ற வேண்டுமென்றால் பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய வேண்டும். நுழைய இன்னொரு பாஸ்வேர்டு வேண்டும்.

ஆக, மறைகள் மூன்று. முதல் மறை வைஃபை கடவுச்சொல். அது தெருவுக்கே தெரியும். இரண்டாம் மறை அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் அட்மின் கடவுச்சொல். அது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூன்றாம் மறை, இணைப்பு தரும் நிறுவனத்திடம் நம் பெட்டி தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளும் பி.பி.பி.ஓ.இ. கடவுச்சொல்; அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. மறை என்றால் மறைந்திருப்பது என்று நிகண்டு பார்க்காமலே அன்று விளங்கியது.

2. சொல்லாராய்ச்சி

இக்கருவியைத் தமிழறிஞர் திசைவி என்பர். கடைக்காரர் ரவுட்டர் என்பார். அப்பா மோடம் என்பார். அம்மா ‘வைஃபை டப்பா’ என்பார். இந்நால்வரும் முரண்படவில்லை. கண்ணாடி இழை வழியே வரும் ஒளியை மின்குறிப்பாக்குவது, வீட்டுக்குள் வந்ததை உரியவருக்குப் பிரித்தனுப்புவது, அதைக் காற்றில் பரப்புவது ஆகிய மூன்று தொழில்களும் இப்போது ஒரே டப்பாவுக்குள் குடியிருக்கின்றன. எனவே அம்மாவின் பெயரே பொருட்செறிவு மிக்கது.

வைஃபை என்பதற்கு விரிவு தேடிக் களைத்தவர் பலர். 1999இல் ஒரு விளம்பரப் பெயர் நிறுவனம் காதுக்கு நன்றாயிருக்கிறது என்று உண்டாக்கிய சொல் அது. இடுகுறிப் பெயர் என்று எழுதிவிட்டு மேலே செல்வோம்.

3. முந்தைய ஆய்வுகள்

இத்துறையில் மூன்று மரபுகள் உள்ளன. முதலாவது, அணைத்துப் போடும் மரபு. இதன் தலைமாணாக்கர் அப்பா. எதற்கும் அவர் சொல்லும் மருந்து, “ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.” ஏளனம் செய்வோர் அறிக: பெட்டியின் தற்காலிக நினைவகத்தில் சேர்ந்த குழப்பமெல்லாம் மின்சாரம் நின்றதும் அழிந்துபோகிறது. மின்தேக்கிகளில் எஞ்சிய மின்சாரமும் வடிய வேண்டும் என்பதால் அரை நிமிடமாவது பொறுத்துப் போட வேண்டும். அப்பா இரண்டு நொடியில் போட்டுவிடுவார். கொள்கை சரி, கடைப்பிடிப்பில் பிழை.

இரண்டாவது, கொம்பு திருப்பும் மரபு. மொட்டை மாடி ஆன்டெனா காலத்தில் தோன்றியது. பெட்டியின் கொம்பை ஈட்டி போலத் தம் செல்பேசியை நோக்கிச் சாய்ப்பார்கள். கொம்பிலிருந்து அலை பக்கவாட்டில்தான் நன்றாகப் பரவும்; நுனித் திசையில் மிகக் குறைவு. யாரை நோக்கி நீட்டுகிறோமோ அவருக்கே கிடைக்காமல் செய்வது இம்மரபின் தனிச்சிறப்பு.

மூன்றாவது, இடமாற்ற மரபு. பீரோவின் பின்னால் இருந்த பெட்டியை எடுத்து மைக்ரோவேவ் அடுப்பின் அருகில் வைப்பது. இரும்பு அலையைத் தடுக்கும். அடுப்போ வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கே பங்காளி. ஒரு துன்பத்தை இன்னொரு துன்பத்தால் மாற்றீடு செய்வதாக இதைக் கொள்ளலாம்.

4. விளக்கியல்

பெட்டியின் முகத்தில் எரியும் விளக்குகளில் இரண்டே ஆய்வுக்குரியவை. ஒன்று பான், அடுத்தது லாஸ். பான் விளக்கு அசையாமல் பச்சையாய் எரிந்தால் மறுமுனை நம்மை ஏற்றுக்கொண்டது என்று பொருள். இதைப் ‘பொன்’ என்று படிப்பாரும் உளர், பொருந்தும். லாஸ் சிவப்பாய் எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை: எங்கோ ஒரு லாரி கேபிளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, அல்லது யாரோ இழையைக் கம்பி என்று நினைத்து மடக்கியிருக்கிறார். அப்போது பெட்டியை என்ன செய்தாலும் பயனில்லை. அப்பா அதை ‘நஷ்டம்’ என்று மொழிபெயர்த்தார்; திருத்த இடமில்லை. எங்கள் வீட்டில் அன்று பொன்னும் இருந்தது, நஷ்டமும் இல்லை. பிறகு நாங்களாகத்தான் தேடிக்கொண்டோம்.

5. முகவரியும் புள்ளியும்

அமைப்புப் பக்கத்தின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1. சில பெட்டிகளில் 192.168.0.1. வீடு, அலுவலகம் போன்ற உள்வலைகளுக்கென்றே பொதுவழியிலிருந்து ஒதுக்கப்பட்ட எண் தொகுதிகள் மூன்று என்று 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்னும் ஆவணம் வகுத்தது. அவற்றுள் 192.168 எனத் தொடங்குவன மட்டும் 65,536. ஊருக்கு ஊர் பிள்ளையார் கோயில் தெரு இருப்பதுபோல் வீட்டுக்கு வீடு அதே எண்தான். அந்தந்த ஊருக்குள் கேட்டால் வழி சொல்வார்கள். வெளியூரிலிருந்து கடிதம் வராது.

இனி, பாடச் சிக்கல். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்கும் வழக்கம் பெரிதும் இல்லை. எது மெய், எது உயிர்மெய் என்று பதிப்பாசிரியர்தான் முடிவுசெய்ய வேண்டும். அப்பா அந்த மரபில் வந்தவர். புள்ளிகளை நீக்கி 19216811 என்று தட்டினார். அடுத்த முறை புள்ளிகள் வந்தன. ஆனால் ஒன்றுக்குப் பதிலாக அதே உருவில் இருக்கும் ஆங்கிலச் சிற்றெழுத்து வந்தது. இரண்டு முறையும் தேடுபொறி அவரை அன்புடன் வேறெங்கோ அழைத்துச் சென்றது.

முகவரியில் ஐயம் தோன்றினால் ஊகம் வேண்டாம். செல்பேசியின் வைஃபை விவரத்தில் ‘கேட்வே’ என்ற சொல்லுக்கு எதிரே உள்ள எண்ணே மூலபாடம். கணினிக்கு உரிய எண் 169.254 என்று தொடங்கினால், பெட்டி அதற்கு முகவரியே தரவில்லை. கணினி பட்டா இல்லாமல் புறம்போக்கில் தானாகக் குடிசை போட்டுக்கொண்டிருக்கிறது என்று அறிக.

6. அடிப்பக்கச் சுவடி

மூலபாடத்தை இட்டதும் பக்கம் திறந்தது. பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. ‘அட்மின், அட்மின்’ என்றேன். முன்னாளில் இது உலகெங்கும் செல்லுபடியான மந்திரம். 2016இல் மிராய் என்னும் தீநிரல் இப்படிப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட ஆலைக் கடவுச்சொற் சோடிகளை மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் வளைத்துப்போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை முட்டியதில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பல மணிக்கணக்கில் எட்டாமல் போயின. 2020 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவும், 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனும் ஊருக்கெல்லாம் ஒரே கடவுச்சொல் கூடாதென்று சட்டம் செய்துவிட்டன. ஆகவே இப்போது பெட்டிக்குப் பெட்டி வேறு சொல். அது எழுதப்பட்டிருக்கும் இடம் பெட்டியின் அடிப்பக்கம்.

சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராய்ச் சுவடி தேடி அலைந்தார். எங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. பெட்டியைக் கவிழ்த்தால் போதும். ஆனால் அது நமக்குத் தோன்ற ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கவிழ்த்தபோது ஒட்டுச்சீட்டு கண்டெடுக்கப்பட்டது. நிலை: வெப்பத்தில் மங்கல், ஓரம் செல்லரிக்கவில்லை, பல்லி மட்டும் வசித்திருக்கிறது. பாடபேதங்கள்: மூன்றாம் எழுத்து சுழியமா, ஆங்கில ஓகாரமா? ஐந்தாவது எட்டா, பி-யா? முறைப்படி நான்கு பாடங்களையும் இட்டுப் பார்த்தேன். நான்காவதுக்குள் பெட்டி கதவை அடைத்து, சற்றுப் பொறுத்து வரச் சொல்லிவிட்டது.

பொறுத்து வந்தும் திறக்கவில்லை. கம்பி கொண்டுவந்த தம்பி சீட்டில் இருந்ததை அன்றைக்கே மாற்றியிருக்க வேண்டும். சுவடி உண்மையானது, பாடம் இடைச்செருகலால் மறைக்கப்பட்டுவிட்டது.

7. ஊக்கியல்

எஞ்சியது ஒரே வழி. பெட்டியின் முதுகில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. உள்ளே பொத்தான். மின்சாரம் இருக்கும்போதே அதைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்தால் விளக்கெல்லாம் ஒருமுறை சிமிட்டிப் பெட்டி தன் பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும். அதன்பின் அடிப்பக்கச் சீட்டே சட்டம்.

இதற்குக் காகிதக் கிளிப்பை நிமிர்த்திக்கொள்க என்று கையேடுகள் கூறும். எந்த வீட்டில் வேண்டும்போது கிளிப் கிடைத்தது? அம்மா தம் சங்கிலியில் தொங்கிய ஊக்கைக் கழற்றி நீட்டினார். புடவை, பை, கொசுவலை, இப்போது பெட்டி. வீட்டின் எல்லாக் கருவிகளும் அந்தச் சங்கிலியிலிருந்தே பிறக்கின்றன என்பது தனி ஆய்வுக்கு உரியது.

அழுத்தினேன். சிமிட்டியது. சீட்டில் உள்ளதை இட்டேன். அமைப்புப் பக்கம் திறந்தது. அப்பா கை தட்டினார். இணையம் இல்லை.

ஊக்கு முதல் மறையையும் இரண்டாம் மறையையும் மட்டும் அழிப்பதில்லை. மூன்றாம் மறையையும் சேர்த்தே அழிக்கிறது. சில நிறுவனங்கள் தொலைவிலிருந்தே அதைத் திரும்ப எழுதிவிடும். எங்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆதலால் அழைப்பை எடுக்கவும் ஆளில்லை. வீட்டுச் சாவி கிடைத்தது, வீடு போயிற்று.

8. காலண்டர்ப் பாடம்

“அந்தத் தம்பி சொல்லச் சொல்ல நான் எழுதிவெச்சேனே” என்றார் அம்மா. சமையலறைக் காலண்டரில், சிலிண்டர் வந்த தேதிக்குக் கீழே, பால் கணக்குக்கு மேலே, பென்சிலில் மூன்றாம் மறை இருந்தது. பயனர் பெயர் பில்லில் உள்ள எண்தான். கடவுச்சொல், தமிழில்: ‘கோபி123’. (பின்னர் மாற்றப்பட்டுவிட்டது, வாசகர் முயல வேண்டாம்.)

கொம்பின்மேல் எண்ணெய் பட்டிருந்ததால் ‘காபி’ என்று அப்பா பாடம் கொண்டார். கொம்பு உண்டு என்று நான் வாதிட்டேன். எகர ஏகார, ஒகர ஓகாரக் குழப்பத்தை வீரமாமுனிவர் தீர்த்துவைத்தார் என்பர். எண்ணெய்க்கு அவரிடமும் மருந்தில்லை. கோபி என்றே கொண்டாலும், ககரம் ‘கல்’லில் உள்ளதா, ‘தங்கத்’தில் உள்ளதா? பகரம் ‘பாட்டி’யினதா, ‘அன்பி’னதா? தமிழுக்கு இவ்விரண்டும் ஓரெழுத்து. பெட்டிக்கு வேறு வேறு. முதலெழுத்து பெரியதா, சிறியதா? இரண்டை இரண்டால் பெருக்கி மீண்டும் இரண்டால் பெருக்க எட்டுப் பாடங்கள். கடைசி இகரத்தை ஆங்கிலத்தில் ஓரெழுத்தாலும் இரண்டெழுத்தாலும் எழுதலாம் என்பதால் பதினாறு. ஒவ்வொன்றையும் இட்டுச் சேமித்து, பெட்டி மறுமுனையைத் தட்டித் திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். ஐந்தாம் பாடத்தின்போது அச்சொல் வினையாகவும் பொருள்படும் என்பது தெரிந்தது. கோபி என்று எழுதியிருந்தது. அப்பாவும் நானும் கோபித்துக்கொண்டோம்.

உட்சான்று தீர்ந்த இடத்தில் புறச்சான்று வேண்டும். நூலாசிரியர் வரலாறு இல்லாமல் பதிப்பு இல்லை என்பது முன்னோர் கொள்கை. அம்மாவிடம் கேட்டேன்: “அந்தத் தம்பி பேரு கோபியாம்மா?”

“பேரு வேற. ஊருதான் கோபிச்செட்டிபாளையம். அவங்க அக்காவைப் பவானில குடுத்திருக்காங்களாம். மோர் குடிச்சிட்டுத்தான் போனான்.”

வழக்கு முடிந்தது. அவ்வூரை ஆங்கிலத்தில் எழுதும் முறை பேருந்துப் பலகையில் இருக்கிறது: தங்கத்தின் ககரம், அன்பின் பகரம், இகரத்துக்கு ஓரெழுத்து. முதலெழுத்து ஒன்றே ஐயம். சிறிய எழுத்து தவறிற்று. பெரிய எழுத்துக்குப் பெட்டி தலையசைத்தது. வாசலில் நிற்பவரிடம் எந்த ஊர் என்று கேட்காமல் அனுப்பாத அம்மாவின் வழக்கத்தை இத்தனை நாள் வம்பு என்று கருதிவந்தமைக்கு இவ்வாய்வாளர் வருந்துகிறார்.

9. முடிவுரை

பெறப்பட்ட முடிவுகள்: லாஸ் சிவந்திருந்தால் ஊக்கைத் தொடாதே. பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைச் செல்பேசியில் படம் எடு. மூன்றாம் மறை கையில் இல்லாமல் இரண்டாம் மறைக்கு ஆசைப்படாதே. உள்ளே நுழைந்ததும் அமைப்புகளைப் படியெடுத்துச் சேமிக்கும் வசதி அந்தப் பக்கத்திலேயே உண்டு, அதைப் பயன்படுத்து.

இவற்றை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா புதிய கடவுச்சொற்கள் மூன்றையும் காலண்டரில் எழுதி முடித்திருந்தார். தமிழில், பென்சிலில், பால் கணக்குக்குப் பக்கத்தில். மார்கழி முடிந்தால் அந்தக் காலண்டர் அரிசி டின்னுக்கு அடியில் விரிப்பாகிவிடும். ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட நாட்டில் இது புதிதன்று. வருங்கால ஆய்வாளர்கள் அங்கே தேடுக. ஊக்கு எங்கே இருக்கும் என்பது தெரிந்ததே.