சுரபாயா வழி திருச்செந்தூர்

இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் 2017இல் விட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' விளையாட்டில், திருச்செந்தூரில் இருக்கும் என் அக்கா மகன் நம்மூர் அரசு பஸ்ஸை 'மோட்' ஆக, அதாவது விளையாடுபவர்களே சேர்த்துக்கொள்ளும் வண்டியாக, ஏற்றிவிட்டான். 'தூத்துக்குடி – திருச்செந்தூர், வழி ஆறுமுகநேரி' என்று பலகை. ஏர் ஹாரன், முன்கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சம்பழம், எல்லாம் அச்சு அசல். சாலைதான் ஜாவா. ஆறுமுகநேரிக்கு ஏறியவர் சுரபாயாவில் இறங்கிக்கொள்ள வேண்டியது.

"ஏலே, பலகையில தமிழ் கட்டம் கட்டமா தெரியுதே?"

"ஏஐட்ட கேட்டிருக்கேன் மாமா."

அது மூன்று தடவை தப்பான வழி சொல்லி, மூன்று தடவையும் மன்னிப்புக் கேட்டது. சில்லறை பாக்கிக்குக்கூட அப்படிக் கேட்ட கண்டக்டரை நான் பார்த்ததில்லை.

நாலாவது வழியைச் சோதிப்பதற்குள் என் மடிக்கணினி 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று 35 சதவீதத்தில் நின்றுகொண்டது, சூரசம்ஹாரக் கூட்டத்தில் மாட்டிய பஸ் மாதிரி.