ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவன் ஆர்மோனியம் வாங்கினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதே பள்ளத்தாக்கில்தான் பண்ணைப்புரம் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் இளையராஜா ஆகப் பார்ப்பது இங்கே வழக்கம். ஆனால் ஆசாரியிடம் போய், "பெட்டிக்குள்ள கம்பி கட்டி, கட்டை வச்சு, கரண்டுல வாசிக்கிற மாதிரி ஒண்ணு செய்யணும்ணே" என்று சொல்லிப் பாருங்கள். ஓடைப்பட்டியில் திராட்சை வெட்டப் போனவர்கள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நிற்பார்கள்.

"ஆர்மோனியம் கடையிலயே கிடைக்குதேப்பா?" என்றார் ஆசாரி.

கிடைக்கிறது. ஆனால் ஆர்மோனியத்தின் மேல் நம் சங்கீதத்துக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுமே தவிர வழுக்காது, கமகம் வராது. இப்படிப் பல குற்றங்களைச் சாட்டி 1940இல் அகில இந்திய வானொலி அதை வெளியே நிறுத்தியது. 1971 வரை உள்ளே விடவில்லை. அந்தக் காலத்தில் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜனும் தம்பிகளும் ஆர்மோனியத்தோடு கட்சி மேடைகளில் ஏறிப் பாடிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். வானொலியின் தடை மலையிறங்கி எங்கள் பக்கம் வரவில்லை.

கமகம் வரும் கட்டை வாத்தியம் ஒன்று ஐரோப்பாவில் இருந்திருக்கிறது. பெயர் கிளாவிகார்டு. தேதி போட்டு இன்றும் மிஞ்சியிருப்பதில் மூத்தது 1543இல் செய்தது. கட்டையை அழுத்தினால் மறுமுனையில் இருக்கும் பித்தளைத் துண்டு எழும்பிக் கம்பியைத் தட்டும். தட்டிவிட்டு விலகாது, விரல் இருக்கும்வரை கம்பியை முட்டிக்கொண்டே நிற்கும். விரலை இன்னும் அழுத்தினால் கம்பி இறுகிச் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஜெர்மன்காரர்கள் இந்த அசைவுக்கு பேபுங் என்று பெயர் வைத்தார்கள். இசைமேதை பெரிய பாக்கின் மகன் கார்ல் பிலிப் இம்மானுவேல் இந்தப் பெட்டியின் மேல் உயிரையே வைத்திருந்தார்.

அப்புறம் ஏன் இது நம் ஊருக்கு வரவில்லை? சத்தம் கிடையாது. வாசிப்பவருக்கும் அவர் மடியில் இருக்கும் குழந்தைக்கும் கேட்டால் பெரிது. திராட்சைக்கு மருந்தடிக்கும் மோட்டாரும் கோயில் குழாயும் போட்டி போடும் ஊரில் இதை வாசித்தால், நான் மேசைமேல் கையை வைத்துத் தியானம் செய்வதாகத்தான் நினைப்பார்கள். அதனால்தான் கரண்டு.

இந்த யோசனைக்கு எனக்கு முன்னாலேயே ஆள் இருக்கிறது. ஜெர்மனியில் ஹோனர் கம்பெனியின் எர்ன்ஸ்ட் ஸக்காரியாஸ் 1960களில் கிளாவினெட் என்று ஒன்றைச் செய்தார். 1972இல் ஸ்டீவி வொண்டர் அதை வைத்து 'சூப்பர்ஸ்டிஷன்' வாசித்து உலகத்தையே ஆட வைத்தார். இன்னொரு பக்கம், ஜப்பானின் நாகோயாவில் மொரிதா கோரோ என்பவர் 1912இல் தட்டச்சுப் பொத்தான்களைக் கம்பிமேல் உட்கார வைத்தார். அந்த தைஷோகோட்டோதான் இங்கே வந்து, புல்புல்தாராவாகத் திருவிழாக் கடையில் தொங்கியது. அதில் ஒரு கை பொத்தானை அழுத்த, மறு கை கம்பியை மீட்ட வேண்டும். நமக்கோ, மறு கை தாளம் போட வேண்டுமே!

கம்பி விஷயத்தில் மச்சானுக்குத்தான் வருத்தம். "நம்ம திராட்சைப் பந்தல்ல இல்லாத கம்பியா?" என்று ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பந்தல் கம்பி மெத்து. முறுக்க முறுக்க நீண்டுகொண்டே போகும், சுருதியில் நிற்காது. மதுரையிலிருந்து வீணைக்கம்பி வரவழைத்தேன். "காய் தாங்குற கம்பி பாட்டைத் தாங்காதா?" என்று மச்சான் இன்றும் கேட்கிறார்.

வீணைக்கம்பிக்கு வேறு குணம். ஒவ்வொன்றும் சில கிலோ இழுக்கும். எல்லாம் சேர்ந்தால் மூட்டைக் கணக்கு. கதவு நிலைக்கு வைத்திருந்த வேங்கைச் சட்டமே லேசாக வளைந்தது. கடைசிக் கம்பிக்குச் சுருதி சேர்த்து நிமிர்ந்தால் முதல் கம்பி இறங்கியிருக்கும். "கதவு செஞ்சா இந்தத் தொல்லை இல்ல" என்றார் ஆசாரி.

ஒலியைப் பிடிக்க முதலில் பஸ்ஸரில் இருக்கும் வட்டத் தகட்டைப் பலகையில் ஒட்டினேன். அது கம்பியை விட்டுவிட்டுக் கட்டையின் 'டக் டக்'கைத்தான் பிடித்தது. ஸ்பீக்கரில் வந்தது சங்கீதம் இல்லை, தச்சுப் பட்டறையின் நேரடி ஒலிபரப்பு. சரி, காந்தமும் காயிலும்தான் வழி என்று மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனேன். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்: "எத்தனை ஹெச்.பி. தம்பி?"

காயில் மரச் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதிலுக்கு வீட்டிலுள்ள அத்தனை கரண்டையும் கேட்டது. டியூப் லைட், ஃபேன், தோட்டத்து மோட்டார் எல்லாம் சேர்ந்து 'ம்ம்ம்' என்று ஓயாத உறுமல். எதிர்ச்சுற்றாக இன்னொரு காயில் கட்டிச் சேர்த்தால் அது அடங்கும் என்பது தெரியும். காயில் கடைக்காரர் முகத்தில் மறுபடி விழிக்கத்தான் தைரியம் இல்லை.

உட்கார்ந்து யோசித்தேன். நம் கரண்டு நொடிக்கு 50 சுற்று. ஆர்மோனியக் கணக்கில் அது ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே. இருபத்து நாலு மணி நேரமும் ஆடாமல் அசையாமல் சுருதி பிடிக்க ஆள் வீட்டுச் சுவருக்குள்ளேயே இருக்க, சுருதிப் பெட்டி எதற்கு? எல்லாக் கம்பியையும் உறுமலுக்கே சேர்த்துவிட்டேன்.

பஜனையில் பாடும் மாமா அரங்கேற்றத்துக்கு வந்தார். அவர் ஒன்றரைக் கட்டைக்காரர். பல்லவியில் ஏறும்போதே கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"மாப்ள, சுருதியை இறக்கு."

"நான் எப்படி மாமா இறக்க? 2013 டிசம்பர் 31ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் லைனைப் போட்டுத் தென்னாட்டு கிரிட்டை வடக்கோட சேத்துட்டாங்க. காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் எல்லா டிரான்ஸ்ஃபார்மரும் இப்ப ஒரே சுருதிதான்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சேத்துக்கிரட்டும். என் தொண்டைக்கு இன்னும் அந்த லைன் வரல."