இரண்டு ராண்ட், ஒரு பங்கு

கேள்வி: தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கப் பங்கு வாங்கிய வெளிநாட்டினருக்கு அந்நியச் செலாவணி விதிகளால் நஷ்டம்தானே?

பதில்: எப்போது வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது! 1979-இல் அந்நாட்டு நாணயமான ராண்ட் இரண்டு வகை. வெளிநாட்டவர் பங்கை வாங்குவதும் விற்பதும் மலிவான ‘பைனான்ஷியல் ராண்ட்’டில், ஈவுத்தொகை வருவதோ விலை கூடிய வணிக ராண்டில். வணிக ராண்டைவிட அது 30 சதவீதம் மலிவு என்றால், 70 டாலர் போட்டவருக்கு 100 டாலர் பங்கின் ஈவு. தரைக்கு மேலேயே தங்கம்!

1983-இல் அந்த ஏற்பாடு ரத்தானது. அதன்பிறகு முழு விலை கொடுத்து வாங்கியவர்கள்தான் பாவம். 1985 செப்டம்பரில், கடன் நெருக்கடியின்போது, அரசு அதை மீண்டும் கொண்டுவந்தது. சுரங்கத்தில் தங்கம் குறையவில்லை. விற்று வெளியேறினால் கிடைக்கும் டாலர்தான் குறைந்தது. சிறு முதலீட்டாளருக்கு இழைத்த அநியாயம் என்றே சொல்வேன். 1995 மார்ச்சில்தான் இரண்டு ராண்டும் ஒன்றாயின.