மனசுக்குள் டென்னிஸ்

கேள்வி: கண் திறந்திருக்கிறது, கூப்பிட்டால் அசைவில்லை. அப்படிப் படுத்திருப்பவருக்கு உள்ளே சுயநினைவு இருக்குமா?

பதில்: சிலருக்கு உண்டு! விபத்துக்குப் பின் மாதக்கணக்கில் அப்படிக் கிடந்த 23 வயதுப் பெண்ணை மூளை ஆராய்ச்சியாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர் கேம்பிரிட்ஜில் ஸ்கேன் செய்தார்கள். 2006-ல் வெளியான ஆய்வு அது. 'டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். விரல்கூட அசையவில்லை, ஆனால் அசைவுக்குத் திட்டம் போடும் மூளைப்பகுதி சட்டென்று விழித்துக்கொண்டது, நல்ல உடம்புக்காரர்களுக்கு நடப்பது போலவே. 2010 ஆய்வில் ஒரு நோயாளி, 'ஆம்' என்றால் டென்னிஸ், 'இல்லை' என்றால் வீட்டுக்குள் நடப்பது என்று நினைத்தே 6 கேள்விகளில் 5-க்குச் சரியாகப் பதில் சொன்னார். அந்த ஆய்வில் சோதிக்கப்பட்டவர்கள் 54 பேர். மூளையில் இப்படி அடையாளம் காட்டியவர்கள் 5 பேர்தான். அந்த ஐவருக்காகவாவது, பார்க்கப் போகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். சொத்துப் பேச்சை மட்டும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.