கில்லிக்குக் காலக்கெடு இல்லை

கேள்வி: பத்து வயதில் கில்லி பட்டு இடது கண் சிவந்தது. ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. இப்போது எனக்கு 42. கண்ணாடி மாற்றப் போன இடத்தில், அந்தக் கண்ணில் மட்டும் பிரஷர் 34 என்கிறார்கள். அந்தப் பழைய கில்லிக்கு இப்போது என்ன வேலை?
— ராஜபாளையம் வாசகர்

பதில்: கில்லி மேல் நீங்கள் வழக்குப் போடத்தான் காலக்கெடு உண்டு. அது உங்கள் மேல் போடும் வழக்குக்குக் கிடையாது.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது. கருவிழியின் ஓரத்து மூலையில் உள்ள சல்லடைத் திசு வழியாக வடிகிறது. சுரப்பதும் வடிவதும் சமமாக இருந்தால் அழுத்தம் 10 முதல் 21க்குள் நிற்கும். வேகமாக ஒன்று வந்து மோதும்போது கண் முன்னும் பின்னுமாக நசுங்கி, பக்கவாட்டில் உப்புகிறது. உள்ளிருக்கும் நீர் அந்த மூலையைப் போய் முட்ட, அங்குள்ள சிலியரி தசை கிழிகிறது. வெளியே சிவப்பு வடிந்ததும் எல்லாரும் மறந்துவிடுகிறோம். உள்ளே சல்லடையில் விழுந்த தழும்பு மட்டும் மெதுவாக வழியை அடைக்கிறது. சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்கு இருபது, முப்பது வருஷம் கழித்து அழுத்தம் ஏறும்.

இந்தக் கிழிசலை 1892இலேயே ட்ரீச்சர் காலின்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதி வைத்துவிட்டார். பின்னால் வரும் கிளாக்கோமாவோடு (அழுத்தம் ஏறிக் கண் நரம்பு கெடும் நோய்) அதை உல்ஃப், சிம்மர்மன் இருவரும் தெளிவாக முடிச்சுப் போட்டது 1962இல். மருத்துவர்களுக்கே எழுபது வருஷம் ஆகியிருக்கிறது, உங்களுக்கு முப்பத்திரண்டுதான்.

அடிபட்ட எல்லாருக்கும் வராது. மூலை கிழிந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 20 பேருக்கு வரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வட்டத்தில் பாதிக்கு மேல் கிழிந்திருந்தால் ஆபத்து அதிகம். ஒரே கண்ணில் மட்டும் அழுத்தம் என்றால் கில்லி மேல் சந்தேகப்படுவது நியாயமே. கண்ணாடிக் கடையோடு நிற்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: வலி இல்லை. கடைசி வரி எழுத்து வரை படிக்கிறேன். டாக்டர் கிளாக்கோமா என்று சும்மா பயமுறுத்துகிறாரோ?
— ஈரோடு வாசகர்

பதில்: எழுத்துப் பலகை நடுப்பார்வையை மட்டும்தான் கேட்கிறது. கிளாக்கோமா பெரும்பாலும் சுற்றுவட்டத்தில் தொடங்குகிறது. அங்கே போன பார்வையை இன்னொரு கண் இட்டு நிரப்பிவிடுவதால் தெரியாது. நடுப்பகுதியும் மங்கி நீங்களாகவே டாக்டரைத் தேடிப் போகும் நாளில், போன நரம்பைத் திருப்பித்தர அவரிடம் மருந்து இருக்காது. இன்றைக்குப் பயப்படுவது லாபம்.

கேள்வி: மகன் கண்ணில் கிரிக்கெட் பந்து பட்டது. கண்ணுக்குள் கீழ்ப்பக்கம் ரத்தம் கோடு கட்டி நிற்கிறது. தாய்ப்பால் விட்டால் கரையும் என்கிறார் மாமியார்.
— திண்டுக்கல் வாசகி

பதில்: தாய்ப்பால் கைக்குழந்தையின் வாய்க்கு. இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்காமலே கிளம்புங்கள், கண் மருத்துவமனைக்கு, இன்றே. கண்ணைக் கசக்க விடாதீர்கள், அமுக்கிக் கட்டுப் போடாதீர்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாத்திரை தராதீர்கள், ரத்தக்கசிவு கூடும். படுத்தாலும் தலை உயர்ந்திருக்கட்டும், ரத்தம் கீழே தங்கும்.

முதல் ஐந்து நாட்களில் மறுபடி கசியக்கூடும். அப்போது அழுத்தம் சட்டென்று எகிறலாம். அதனால்தான் அடிக்கடி வரச் சொல்வார்கள், அலுத்துக்கொள்ளாதீர்கள். கொடுக்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சொன்ன நாளோடு நிறுத்துங்கள், நீட்டினால் அதுவே அழுத்தத்தை ஏற்றும். ரத்தம் வடிந்து சில வாரம் ஆனதும் கோனியோஸ்கோபி செய்வார்கள். சின்னக் கண்ணாடி பதித்த லென்ஸைக் கண்மேல் வைத்து மூலையை எட்டிப் பார்ப்பது. மரப்புச் சொட்டு விட்டுத்தான் செய்வார்கள், வலிக்காது. மாமியாரையும் கூட்டிப்போங்கள், அவர் சமாதானம் ஆவதும் முக்கியம்.

கேள்வி: ஷட்டில் வெறும் இறகுதானே, கண்ணில் பட்டால் என்ன?
— கோவை வாசகர்

பதில்: 2023இல் நம் பாட்மின்டன் வீரர் சாத்விக் சாய்ராஜ் அடித்த ஸ்மாஷின் வேகம் மணிக்கு 565 கி.மீ. என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது. அந்த வேகம் மட்டையை விட்டுப் புறப்படும் கணத்தில்தான், நம் தெருமுனை வீரர்கள் அதில் பக்கத்தில்கூட வர மாட்டார்கள். ஆனால் இறகின் முனையில் இருக்கும் கார்க் கண்குழிக்குள் கச்சிதமாக நுழையும் அளவு. பெரிய பந்து என்றால் புருவ எலும்பு பாதி அடியை வாங்கிக்கொள்ளும், இதை முழுதாகக் கண்ணே வாங்க வேண்டும். இரட்டையர் ஆட்டத்தில் முன்னால் நிற்கும்போது, கூட்டாளி என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். பாலிகார்பனேட் கண்ணாடி போட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: மச்சானுக்கும் கிளாக்கோமா. அவர் சொட்டு மருந்தையே நானும் விடலாமா?
— விருதுநகர் வாசகர்

பதில்: மச்சானிடம் பைக் இரவல் வாங்குங்கள். பைலோகார்பின் என்ற பழைய மருந்து சில வகைக் கிளாக்கோமாவுக்குக் கைகொடுக்கும், மூலை கிழிந்த கண்ணில் அழுத்தத்தைக் கூட்டிவிடவும் கூடும். டிமோலால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத் திணறல் தரும். சல்லடையில் வைக்கும் லேசரும் மூலை கிழிந்த வகையில் அவ்வளவாக எடுபடுவதில்லை. சொட்டு மருந்து போதாதபோது அறுவைச் சிகிச்சைதான்.

கேள்வி: சிரசாசனம் செய்யலாமா?
— புதுச்சேரி வாசகர்

பதில்: தலைகீழாக நின்றால் கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேறு ஆசனமே இல்லையா?

கேள்வி: கிளாக்கோமா வந்தால் விளையாட்டை மறந்துவிட வேண்டியதுதானா?
— சென்னை வாசகர்

பதில்: நெதர்லாந்தின் எட்கர் டேவிட்ஸ் 1999இல் கிளாக்கோமாவுக்கு வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, காகிள்ஸ் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கால்பந்து ஆடினார். துப்பாக்கி சுடுதல், வில்வித்தை போன்றவை என்றால் மட்டும் எச்சரிக்கை. டிமோலால் சொட்டு மருந்து அங்கே ஊக்கமருந்துப் பட்டியலில் வரும். இதயத் துடிப்பைக் குறைத்துக் கையை நிதானமாக்கும் வகை மருந்து அது.

கேள்வி: எட்டாம் வகுப்பில் நண்பன் கண்ணில் குத்தியதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?
— தஞ்சை வாசகர்

பதில்: அவசியம். எந்தக் கண், எந்த வயது, ரத்தம் கட்டியதா என்று சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்க்கச் சொல்வார், அடிபடாத கண்ணையும் சேர்த்து, ஏனென்றால் அதிலும் சிலருக்கு ஏறுகிறது. நண்பன் பெயரை மட்டும் விட்டுவிடலாம்.